கீழாநெல்லி அரைத்த கை

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்தான் என் பிறந்த வீடு. கிணற்றடி ஈரத்தில் கீழாநெல்லி தானாக முளைத்துக் கிடக்கும். 1988-ஆம் வருஷம் எனக்கு எட்டு வயது. பெரியண்ணனுக்கு மஞ்சள்காமாலை கண்டது. கண் இரண்டும் மஞ்சள் கிழங்கு மாதிரி. சோற்றைக் கண்டாலே குமட்டல். விடிந்ததும் நான் ஓடிப்போய்க் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வருவேன். அம்மா அதை அலசி, அம்மியில் வெண்ணெயாக அரைத்து, கொட்டைப் பாக்களவு உருட்டி, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பாள். உப்பில்லாப் பத்தியம். ராத்திரியில் ஒரு பாட்டி வந்து, சுண்ணாம்புத் தண்ணீரில் கையை வைக்கச் சொல்லி மந்திரம் முணுமுணுத்து 'மஞ்சள் இறக்குவாள்'. தண்ணீர் மஞ்சளாவதை நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம்.

மூன்றே வாரத்தில் அண்ணன் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அதே வருஷக் கடைசியில் அப்பா டீக்கடையிலிருந்து ஒரு பேப்பரை மடித்துக்கொண்டு வந்தார். "பாத்தியாடி, நம்ம கீழாநெல்லியை வெள்ளைக்காரனே ஒத்துக்கிட்டான்!" என்று அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினார். அப்பா மிகைப்படுத்தவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த டாக்டர் எஸ்.பி. தியாகராஜன், பின்னாளில் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானாரே, அவரும் அவருடைய குழுவினரும் செய்த பரிசோதனை அது. பி வகைக் காமாலைக் கிருமியை ரத்தத்தில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லித் தூள் கொடுத்துப் பார்த்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' பத்திரிகையில் 1988 அக்டோபரில் அது வந்தது. எழுதியவர்களில் ஒருவர் அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பெர்க். பி காமாலைக் கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பரிசு வாங்கியவர்.

இவ்வளவு பெரிய மனிதர்கள் சொன்ன பிறகு எங்கள் வீட்டில் கீழாநெல்லிக்கு மறுபேச்சு ஏது? அந்தப் பேப்பரை அப்பா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அது செல்லரித்துப் போனது. அதன் மேலிருந்த நம்பிக்கை மட்டும் அரிக்கவில்லை.

எனக்கு 2000-த்தில் கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். அண்ணனும் இங்கே சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில்தான் வேலை பார்த்தார். 2006-ல் மில்லில் ரத்ததான முகாம் நடந்தது. எல்லோரும் கொடுத்தார்கள், அண்ணனும் கொடுத்தார். பத்து நாள் கழித்து ஒரு சீட்டு வந்தது. 'ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிடிவ். மருத்துவரைப் பார்க்கவும்.' அவ்வளவுதான் அதில் இருந்தது.

அண்ணன் சீட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "பி காமாலையாம் பாப்பா. உடம்பு கல்லு மாதிரி இருக்குது, என்னா காமாலை?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ஊருக்குப் போய்க் கிணற்றடியில் ஒரு பை நிறையக் கீழாநெல்லி பறித்து வந்து, ஒரு மண்டலம் நானே அரைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு அவரும் டாக்டரிடம் போகவில்லை, ரத்தமும் பார்க்கவில்லை. 'கொடுத்தாச்சு, போயாச்சு' என்று இருந்துவிட்டோம்.

2017 தை மாதம் அண்ணன் இளைக்கத் தொடங்கினார். வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்றார். மாசி பிறப்பதற்குள் வயிறு பானை மாதிரி வீங்கிவிட்டது. சென்னைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் புற்று. அது பக்கத்து ரத்தக் குழாய்க்குள்ளும் போய்விட்டது என்றார்கள். "இந்த வைரஸ் குழந்தையிலிருந்தே உள்ளே இருந்திருக்கும் போலிருக்கிறதே, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்திருந்தால் சின்னதாக இருக்கும்போதே பிடித்திருக்கலாமே" என்றார் அந்த டாக்டர். ஆடி பிறக்கும் முன் அண்ணன் போய்விட்டார். வயது 49. ஒரு சொட்டுக் குடித்தறியாத மனிதர். ஆனால் ஈரல் கெட்டது என்றவுடன், "உள்ளுக்குள்ள ஊத்தியிருப்பான்" என்று ஊர் பேசியது. அண்ணி அதைக் கேட்டுக் கேட்டு வெளியே தலைகாட்டவே மாட்டாள்.

அந்த டாக்டர் இன்னொன்றும் சொன்னார். "கூடப் பிறந்தவர்கள், தாயார், எல்லோரும் ஒரு தடவை ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்." அண்ணி பார்த்தாள், பிள்ளைகளுக்கும் பார்த்தாள், அவர்களுக்கு இல்லை. நாங்கள்? காரியம் முடியட்டும் என்றோம். அப்புறம் தீபாவளி வந்தது. அப்புறம் ஏதேதோ வந்தது. ஆறு வருஷம் ஓடிப்போயிற்று.

2023-ல் என் மகள் முழுகாமல் இருந்தாள். அவளைத் திருவள்ளூரில் கொடுத்திருக்கிறோம். ஒரே மாவட்டம் என்று பெயர். ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜ் வரை போய் வண்டி மாற வேண்டும். மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியில் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனை. சாயங்காலம் போன் வந்தது. "அம்மா... மாமாவுக்கு இருந்துச்சே, அது எனக்கும் இருக்குதாம்மா."

எனக்குத் தலை சுற்றிக்கொண்டு வந்தது. அந்த வாரமே அம்மா, நான், என் கணவர், மகன் நால்வரும் பரிசோதனை செய்துகொண்டோம். அம்மாவுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது. கணவருக்கு எப்போதோ வந்து தானே போன அடையாளம் மட்டும். மகனுக்குக் கிருமி இல்லை. நல்ல எதிர்ப்புச் சக்தி இருந்தது. ஏன் தெரியுமா? அவன் பிறந்தது 2004-ல், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். பிறந்த அன்றே, "புதுசா ஒரு ஊசி இருக்குது, காசு ஆகும்" என்று சொல்லிப் போட்டார்கள். மகள் பிறந்த 2001-ல் யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்திக்கு நான் கிருமியைக் கொடுத்தேன். இன்னொருவன் ஓர் ஊசியால் தப்பினான். இதை நினைத்து எத்தனை இரவு தூங்காமல் கிடந்தேன் என்று கணக்கில்லை.

டாக்டரம்மாவிடம் அழுதேன். அவர் வைதார். "நீங்க வேணும்னு கொடுத்தீங்களா? உங்கம்மா உங்களுக்குக் கொடுத்தாங்க, தெரியாமதானே? பிரசவ நேரத்துல தாயோட ரத்தத்துலேர்ந்து குழந்தைக்குப் போறது இது. பெரியவங்களுக்குப் புதுசா வந்தா நூத்துல அஞ்சு பேருக்குக்கூட தங்காது, உடம்பே துரத்திடும். பச்சைக் குழந்தைக்கு வந்தா நூத்துக்குத் தொண்ணூறு தங்கிடும். அதனாலதான் நான் குழந்தையைப் பத்திப் பேசறேன். அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம்."

என் மகன் பயோடெக்னாலஜி படிக்கிறான். படிப்பு விஷயமாக அவனிடம் நான் ஒரு நாளும் ஒன்றும் கேட்டதில்லை. அன்று ராத்திரி திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டேன். "ரத்தத்துல ஓடுற கிருமிதானே? மூளைக்குப் போகலாம், கிட்னிக்குப் போகலாம். எல்லாத்தையும் விட்டுட்டு ஏண்டா ஈரலுக்கே போகுது?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க விஞ்ஞானிகளுக்கு 2012 வரைக்கும் ஆச்சும்மா" என்றான்.

அவன் சொன்னதை என் பாஷையில் எழுதுகிறேன். சாப்பாட்டுக் கொழுப்பைக் கரைக்க ஈரல் பித்த நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புகிறது. வேலை முடிந்ததும் அந்தப் பித்த உப்பை உடம்பு வீணாக்குவதில்லை. நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கை குடல் மறுபடி ரத்தத்தில் சேர்க்க, ஈரல் அதை வாங்கி வைத்துக்கொண்டு திரும்பவும் உபயோகிக்கிறது. அரிசி களைந்த தண்ணீரைக்கூட மாட்டுக்கு எடுத்து வைக்கும் மாமியார் மாதிரி! ரத்தத்திலிருந்து பித்த உப்பை உள்ளே வாங்கிக்கொள்ள ஈரல் செல்லின் மேல் தோலில் ஒரு புரதம் வாசற்கதவு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. 349 மணிகள் கோத்த மாலை போன்ற புரதம். என்.டி.சி.பி. என்று பெயர். அந்தப் பெயர் என் வாயில் நுழையவில்லை. 'பித்த வாசல்' என்று வைத்துக்கொண்டேன். இந்த வாசல் ஈரல் செல்லுக்குத்தான் உண்டு. மூளைக்குத் தேவையில்லை, கிட்னிக்குத் தேவையில்லை. பி கிருமி, பித்த உப்புக்காக வைத்த அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. நம் உடம்பு நம் நன்மைக்காக வைத்த கதவு!

இதைக் கண்டுபிடித்தது பெய்ஜிங்கில் வென்ஹுய் லி என்பவரின் குழு. அவர்கள் உபயோகித்தது மர மூஞ்சூறு என்னும் அணில் மாதிரிப் பிராணியின் ஈரல் செல்கள். மனிதனைத் தவிர இந்தக் கிருமி தொற்றும் சொற்பப் பிராணிகளில் அது ஒன்று. (அதன் உறவுக்கார இனம் ஒன்று நம் சேர்வராயன் மலையில் இருக்கிறதாம். 'மூங்கில் அணத்தான்' என்ற நம் தமிழ்ப் பெயரிலிருந்துதான் அதற்கு 'அனதானா' என்று விஞ்ஞானப் பெயர் வைத்தார்களாம். மகன் இதைச் சொன்னபோது எனக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்தது.)

இனி சொல்லப் போவதுதான் என்னை அதிகமாக யோசிக்க வைத்தது. ஒரு கிருமியை ஆராய வேண்டுமானால் அது வளர உயிருள்ள செல் வேண்டும். நல்ல ஈரல் செல்லை வெளியே எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தால் சில நாளில் அதன் குணம் கெட்டுவிடுமாம். புற்றுச் செல்லோ சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும். அதனால் 1970-களில் அர்ஜென்டினா நாட்டைச் சேர்ந்த 15 வயதுப் பையனின் ஈரல் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் வைத்திருக்கிறார்கள். ஹெப்-ஜி-2 என்று பெயர். அதன் மேல் பி கிருமியைக் கொட்டினார்கள். ஒட்டவே இல்லை! ஈரல் செல்தான், ஈரலைத் தாக்கும் கிருமிதான், ஆனாலும் உள்ளே போகவில்லை. வருஷக்கணக்கில் ஆராய்ச்சியாளர்கள் இதனால் திண்டாடியிருக்கிறார்கள்.

காரணம் பிற்பாடு விளங்கியது. புற்றான செல் தன் குலத்தொழிலை மறந்துவிடுகிறது. பெருகுவது ஒன்றுதான் அதன் வேலை. பித்த உப்பை வாங்கி வைக்கும் வேலையை விட்டுவிட்டதால் அதற்கு அந்த வாசலும் இல்லாமல் போய்விடுகிறது. 2012-ல் அந்தப் புற்றுச் செல்களுக்குள் பித்த வாசல் புரதத்தை உண்டாக்கும் மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். அதுவரை பிடிவாதமாக இருந்த அதே செல்லுக்குள் கிருமி நுழைந்துவிட்டது. ஒரே ஒரு புரதம். இருந்தால் தொற்றும், இல்லாவிட்டால் தொற்றாது.

"அப்போ புற்று வந்த இடத்துக்குக் கிருமி போகாதுன்னா, அது நல்லதுதானேடா?" என்றேன்.

மகன் உடனே பதில் சொல்லவில்லை. "மாமாவுக்கு நடந்தது வேறம்மா. திருடன் உள்ளே போன பிறகு கதவைச் சாத்தி என்ன பிரயோஜனம்?" என்றான். பி கிருமியின் எழுத்து மொத்தமே 3,200 தான். நம்முடையது 300 கோடி. அந்தச் சின்னக் கிருமி செல்லுக்குள் போய் நாற்பது வருஷம் உட்கார்ந்திருந்து, தன் எழுத்தில் துண்டுகளை நம் குரோமோசோம் எழுத்துக்கு நடுவே செருகிவிடுகிறது. கூடவே, உடம்பு கிருமியோடு சண்டை போட்டுப் போட்டு ஈரலில் தழும்பு ஏறுகிறது. சாகும் செல்லுக்குப் பதில் புதுச் செல், அதற்குப் பதில் இன்னொன்று என்று ஓயாமல் பெருகும்போது எங்கோ ஒன்று தறிகெட்டுப் புற்றாகிறது. அப்படிப் புற்றான செல்கள் பல சமயம் பித்த வாசலைக் குறைத்துக்கொள்கின்றன. புதிதாகக் கிருமி வராது. பழைய கிருமியின் எழுத்து உள்ளேயே இருக்கும். செல் இரண்டானால் அந்த எழுத்தும் இரண்டாகும்.

எங்கள் அண்ணனுக்குள் நாற்பத்தொன்பது வருஷம் இதுதான் நடந்திருக்கிறது. நான் மேலே மோரும் கீழாநெல்லியும் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாக் கிருமியும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலவற்றுக்கான வாசல் புற்றுச் செல்லில் நிறையவே இருக்குமாம். உகாண்டாவில் ஓர் எட்டு வயதுப் பையனுக்குக் கண் அருகே வெள்ளணுப் புற்றுக் கட்டி இருந்தது. அவனுக்குத் தட்டம்மை போட்டபோது கட்டி கரைந்துபோன செய்தியை 1971-ல் டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். தட்டம்மைக் கிருமி பிடித்துக்கொள்ளும் புரதம் அந்த வெள்ளணுக்களின் மேல் உண்டு. இதையெல்லாம் பார்த்துத்தான், அக்கிக் கிருமி வகையைச் சேர்ந்த ஒன்றைச் சாதுவாக்கி ஒரு தோல் புற்றுக்கு மருந்தாக 2015-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஆனால் அது ஆராய்ச்சிக்கூடத்தில் பழக்கிய கிருமி. அம்மை வந்தால் நல்லது என்று யாரும் சும்மா இருந்துவிடாதீர்கள்!

வாசலின் அமைப்பு கொஞ்சம் மாறினாலும் கிருமி தடுமாறும் என்பதற்கு மனிதர்களிலேயே சாட்சி இருக்கிறது. தைவானிலும் சீனாவிலும் சிலருக்குப் பிறப்பிலேயே பித்த வாசல் புரதத்தில் ஒரே ஒரு மணி மாறியிருக்கிறது. அவர்களிடம் பி கிருமி தங்குவது குறைவு என்று கண்டார்கள். கதவைப் பூட்ட மருந்தும் வந்துவிட்டது. கிருமி எந்தப் பாகத்தால் கதவைப் பிடிக்கிறதோ, அதே மாதிரி ஒரு துண்டைச் செய்து ஊசியாகப் போட்டால், சாவித் துவாரத்தில் ஒடிந்த சாவி மாட்டிக்கொண்ட மாதிரி கதவு அடைபட்டுவிடும். புலெவிர்டைடு என்று பெயர். பி கிருமியின் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வரும் டி வகைக் கிருமிக்காக 2020-ல் ஐரோப்பாவில் அனுமதித்தார்கள். நம் வீட்டுக் கதைக்கு அது தேவைப்படவில்லை.

கடைசியாகக் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "கீழாநெல்லி அந்தக் கதவைச் சாத்துமாடா?"

மகன் தேடிப் படித்துவிட்டு மறுநாள் சொன்னான். 1987-ல் பிளம்பெர்க்கின் குழு அமெரிக்காவில் கண்டது, கிருமி தன்னை நகல் எடுக்க உபயோகிக்கும் என்சைமைக் கீழாநெல்லிச் சாறு சோதனைக் குழாயில் தடுக்கிறது என்பதைத்தான். கதவின் பேச்சே அதில் இல்லை; கதவு எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. சென்னைப் பரிசோதனைக்குப் பிறகு தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், பம்பாயில் செய்து பார்த்தார்கள். 22 பேருக்கு மறைந்த மாதிரி அங்கே மறையவில்லை. சென்னைக்காரர்கள் பொய் சொன்னார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு இடத்தில் கிடைத்த பலன் மற்ற இடத்திலும் கிடைத்தால்தான் அதை மருந்து என்று எழுதிக் கொடுக்க முடியும், அவ்வளவுதான். அப்பா படித்துக் காட்டிய பேப்பரோடு செய்தி நின்றுவிடவில்லை, நாங்கள்தான் நின்றுவிட்டோம்.

அப்படியானால் 1988-ல் அண்ணன் எப்படிப் பிழைத்தார்? டாக்டரம்மா சிரித்தார். "அது தண்ணியால வர்ற காமாலையா இருந்திருக்கும். ஏ, இ-ன்னு ரெண்டு வகை. பெரும்பாலும் சில வாரத்துல தானாவே போயிடும். நீங்க கீழாநெல்லி கொடுத்தாலும் போகும், கொடுக்காட்டியும் போகும்." காமாலை என்று நாம் ஒரே பெயர் வைத்துவிட்டோம். உள்ளே ஆள் வேறு வேறு. இதில் இன்னொரு விஷயம்: கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டுமாம். இ வகை அவர்களுக்கு உயிரையே வாங்கிவிடும் என்று எச்சரித்தார்.

மகளுக்கு ரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். அதிகமாக இருந்தது. 28-வது வாரத்திலிருந்து டெனோஃபோவிர் மாத்திரை, தினம் ஒன்று. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய ஹெப்படைடிஸ் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரியிலேயே பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அந்த ஜூலை 28 பிளம்பெர்க்கின் பிறந்த நாள். உலக ஹெப்படைடிஸ் தினமும் அதுதான்.

சம்பந்தி வீட்டில் விஷயம் தெரிந்ததும் சங்கடம் ஆரம்பித்தது. வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மகளுக்குத் தனித்தட்டு, தனிடம்ளர். சமையலறைக்கு வெளியே ஒரு ஸ்டூல். வளைகாப்புக்குப் போனபோது அந்த ஸ்டூலைப் பார்த்தேன். வளையல் போட வந்த கை நடுங்கியது. சண்டை போடலாமா என்று வாய் வரை வந்தது. அண்ணனின் சீட்டைப் பார்த்துச் சிரித்தவள் நான். இவர்களுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்றால் எப்படி? சம்பந்தியம்மாவை அடுத்த செக்கப்புக்குக் கூடவே அழைத்துப் போனேன். டாக்டரம்மா அவரிடம், "ஒரே தட்டுல சாப்பிட்டா வராது, கட்டிப் பிடிச்சா வராது, இருமினா வராது. ரத்தம், தாம்பத்தியம், பிரசவம், சுத்தமில்லாத ஊசி, பிளேடு, பச்சை குத்தற ஊசி, இப்படித்தான் வரும். உங்க பையனுக்கு ரத்தம் பார்த்துட்டு ஊசி போடச் சொல்லுங்க, தட்டை மாத்த வேணாம்" என்றார். மருமகப்பிள்ளைக்குக் கிருமி இல்லை. மூன்று ஊசி போட்டுக்கொண்டார். ஸ்டூல் அதற்கடுத்த மாதம் மொட்டைமாடிக்குப் போயிற்று. துணி உலர்த்த உதவுகிறதாம்.

2024 ஜனவரியில் பேத்தி பிறந்தாள், அரசு ஆஸ்பத்திரியில், நள்ளிரவு தாண்டி. நர்ஸ் அம்மா தொப்புள் கொடி ஈரம் காய்வதற்குள் ஒரு தொடையில் தடுப்பூசியும் மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டார். "பச்சை மண்ணுக்கு ரெண்டு ஊசியா?" என்று சம்பந்தியம்மா பதறினார். இரண்டாவது ஊசி, கிருமியைப் பிடித்துக் கட்டும் எதிர்ப்புப் பொருளை வெளியிலிருந்தே கொண்டுவந்து இறக்குவது. முதல் ஊசி, அதே எதிர்ப்புப் பொருளைத் தானே செய்யக் குழந்தையின் உடம்புக்குக் கற்றுக் கொடுப்பது. எதிர்ப்புப் பொருள் கிருமியின் சட்டையெங்கும் ஒட்டிக்கொண்டால், அதனால் பித்த வாசலைப் பிடிக்க முடியாது. கதவு இருக்கும், கதவைத் தொடக் கை இருக்காது. இதற்கு நேரம் முக்கியம். பிறந்து 24 மணிக்குள் போட வேண்டும். கிருமி உள்ளே போய் உட்கார்ந்த பிறகு எத்தனை தடுப்பூசி போட்டாலும் வெளியே வராது. எனக்கோ மகளுக்கோ அந்த ஊசியால் பயனில்லை என்பது அதனால்தான்.

தாய்ப்பால் கொடுக்கலாமா என்று நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள். கொடுக்கலாம், ஊசி போட்ட குழந்தைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று டாக்டரம்மா முடித்துவிட்டார். ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் அங்கன்வாடியில் போடும் ஐந்து நோய் ஊசியில் பி காமாலைக்கும் சேர்த்தே இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் 2011 டிசம்பரில் அதை முதலில் கொண்டுவந்தார்கள். உங்கள் வீட்டில் பிரசவம் என்றால், 'பிறந்த அன்று பி ஊசி போட்டாயிற்றா, தாய்சேய் அட்டையில் தேதி இருக்கிறதா' என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து பெயர் சூட்டும்போது கேட்டால் காலம் கடந்திருக்கும்.

புற்றுநோய்க்குத் தடுப்பூசி உண்டா என்று கேட்பவர்களுக்குத் தைவானைச் சொல்லலாம். அங்கே 1984-ல் பிறந்த குழந்தைகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கினார்கள். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் ஈரல் புற்று, அதற்கு முன் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது, 1990-94-ல் 0.36 ஆகக் குறைந்தது. பாதி! நம் நாட்டில் 2022 கணக்குப்படி சுமார் 2 கோடியே 98 லட்சம் பேருக்கு இந்தக் கிருமி இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் எத்தனை பேர் என் அண்ணன் மாதிரி, "உடம்பு கல்லு மாதிரி இருக்குது" என்று சிரித்துக்கொண்டிருக்கிறார்களோ!

போன தை மாதம் பேத்திக்கு ஒரு வயது முடிந்து ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வாங்க நானும் சம்பந்தியம்மாவும்தான் போனோம். கிருமி இல்லை. எதிர்ப்புப் பொருள் இருக்கிறது. சீட்டை வாங்கிய சம்பந்தியம்மா அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். எனக்கு மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தமும் ஸ்கேனும் பார்க்கிறேன். காலண்டரில் தேதி போட்டு வைத்திருக்கிறேன். அம்மாவும் மகளும் அப்படியே.

பாக்கி இருப்பது என் பெரியக்கா. சூளூர்பேட்டையில் இருக்கிறாள். அதே அம்மாவுக்குப் பிறந்தவள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், இரண்டு பேரன்கள். போனில் எத்தனை தடவை சொன்னாலும், "எனக்கென்னடி குறைச்சல்? தோட்டத்துல கீழாநெல்லி இருக்குது, வாரத்துக்கு ஒரு தடவை சாப்பிட்டுக்கினுதான் இருக்கேன்" என்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் போகிறேன். ஆரம்பாக்கம் தாண்டினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. திங்கட்கிழமை லேப் திறக்கும்வரை அங்கேயே தங்குவதாக உத்தேசம்.